காத்திருக்கத் தெரிந்த கப்பல்

அலாஸ்காவின் தலைநகரமான ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. பறந்து போகலாம், கடல் வழியாகப் போகலாம். ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்று 2024 முதல் அந்த ஊர் வரம்பு வைத்திருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று ஐந்தும் வந்து நின்றிருந்தன. கரையோரத் தெருவில் கால் வைக்க இடமில்லை. அந்த ஐந்தையும் தாண்டி, மீன்பிடிப் படகுகளுக்குப் பக்கத்தில், அவற்றோடு ஒன்றாகக் கலந்து நின்றது எங்கள் கப்பல். எண்பது பேர் ஏறினால் நிறைந்துவிடும். அக்கா அதை மேலும் கீழும் பார்த்தாள்.

“இதற்கா அந்தப் பணம்?”

நியாயமான கேள்விதான். இதே கடலில் பெரிய கப்பல் ஒன்றில் ஒரு வாரம் சுற்ற ஆகும் செலவைப்போலப் பல மடங்கு கொடுத்திருந்தோம். நீச்சல் குளம், நாடக அரங்கு, சூதாட்டக் கூடம் எதுவும் இதில் இல்லை. அறைக் கதவைத் திறந்தால் கட்டில் முழங்காலில் இடிக்கும். நான் வேலைக்காலம் முழுவதும் கணக்குத் தணிக்கையில் இருந்தவள். பணம் எங்கே போகிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஒரு பகுதி சட்டத்தால் ஆகும் செலவு. வெளிநாட்டுக் கொடியுடன் ஓடும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றி இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போகக்கூடாது என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடியில் ஓடுபவை. ஆகவே அவை எப்படியாவது ஒரு கனடா துறைமுகத்தைத் தொட்டுவிட்டு வரும், அல்லது அங்கிருந்தே புறப்படும். எங்களுடையது அமெரிக்கக் கொடி, அமெரிக்க மாலுமிகள், அமெரிக்கச் சம்பளம். அதனால்தான் ஜூனோவில் ஏறி, சிட்காவில் இறங்க முடிந்தது.

மீதிப் பணம் எதற்கு என்பது போகப் போகத்தான் தெரிந்தது. காத்திருப்பதற்கு. ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிய கப்பல் குறித்த மணிக்கு அடுத்த துறைமுகத்தில் நின்றாக வேண்டும். அங்கே பஸ்களும் கடைகளும் அதற்காகத் திறந்து கிடக்கும். எங்கள் கப்பலுக்கு யாரும் எங்கும் காத்திருக்கவில்லை. அதுதான் மற்றவற்றுக்காகக் காத்திருந்தது.

பொதுக்கூடத்தில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. மறுநாள் திட்டத்தை வழிகாட்டிகளின் தலைவி ஒவ்வோர் இரவும் அதில் எழுதுவாள். காலைக்குள் பாதியை அழித்திருப்பாள். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அச்சடித்துக் கொடுத்த பயணத் திட்டம் ஒன்று கைப்பையில் இருக்கும்போது இது என்ன விளையாட்டு? பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சிறிய தாளை யாரும் கவனிக்கவில்லை. அதுதான் உண்மையான திட்டம்: ஓத அட்டவணை. தென்கிழக்கு அலாஸ்காவின் குறுகிய நீர்வழிகளில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிய ஓத நாள்களில் 20 அடியைத் தாண்டும். ஆறு மணி நேரத்தில் அவ்வளவு நீர் உள்ளே வரும், அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போகும். இடுக்கான வாயில்களில் அது ஆறாகப் பாயும். இரண்டுக்கும் நடுவே நீர் அசையாமல் நிற்கும் சில நிமிடங்கள் உண்டு. அந்த நிமிடங்களைப் பிடிக்கத்தான் பலகையில் அவ்வளவு அழிப்பு.

ஜூனோவுக்குத் தெற்கே எண்டிகாட் ஆர்ம் என்ற நீண்ட ஃபியர்ட் இருக்கிறது; பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம். இரு பக்கமும் செங்குத்தான கருங்கல், அதில் பனி உருகி வழியும் அருவிகள், கோடியில் டாஸ் பனியாறு. வழியில் இடப்பக்கம் ஒரு சிறிய திறப்பு. 1889இல் ஃபோர்டு என்ற அமெரிக்கக் கடற்படைக்காரர் அதற்குள் படகு வலித்துப் போனார். திரும்புவதற்குள் நீரோட்டம் மாறிவிட்டது. சுழலுக்கும் பனிக்கட்டிகளுக்கும் நடுவே ஆறு மணி நேரம் சிக்கிக்கொண்டார். அந்த இடத்துக்கு ஃபோர்ட்ஸ் டெரர், அதாவது ஃபோர்டின் பீதி, என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் ரப்பர் படகுகளில் அந்த வாயிலுக்கு வெளியே போய் நின்றோம். உள்ளே போகலாமா கூடாதா என்பதை வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை. வாயிலில் மிதந்த பனிக்கட்டி ஒன்றைக் காட்டி, “அது நிற்கட்டும்” என்றாள். அது எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பிறகு மெதுவாக வந்தது. பிறகு நின்றது. இன்ஜினை முடுக்கினாள்.

உள்ளே ஏறத்தாழ ஒன்றும் நடக்கவில்லை. கருங்கல் சுவர், பச்சை நீர், மழை. ஒரு கட்டியை வழிகாட்டி படகுக்குள் தூக்கிப் போட்டாள். பனியாற்றுப் பனிக்கட்டியை நான் அதற்கு முன் தொட்டதில்லை. வெள்ளையாகவே இல்லை, கண்ணாடி. உள்ளே ஊசி முனை அளவுக்குக் காற்றுக் குமிழிகள், வரிசை வரிசையாக. காதருகே வைத்தால் சிறிய வெடிப்புச் சத்தம் விடாமல் கேட்கிறது. நூற்றாண்டுக்கணக்கில் பனியின் எடை அழுத்தி அடைத்த காற்று, உருகும் இடத்தில் ஒவ்வொரு குமிழியாக உடைந்து வெளியே வருகிறது. படகு நின்றபோது கவனித்தால் சுற்றியுள்ள நீர் முழுவதிலும் அதே சத்தம். பெரிய பனிப்பாறைகள் அவ்வளவு நீலமாக இருப்பதற்கும் அந்த அழுத்தமே காரணம். காற்று பெரும்பாலும் வெளியேறி இறுகிய பனி, ஒளியில் சிவப்பை விழுங்கி நீலத்தை விட்டுவிடுகிறது. அக்கா அந்தக் கட்டியைக் கையுறையில்லாமல் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தரமாட்டேன் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

டாஸ் பனியாற்றின் முன்னால் மிதக்கும் பனித்துண்டுகளின் மேல் சீல்கள் குட்டிகளோடு படுத்திருந்தன. பனியாறு எந்நேரமும் இடிந்து விழுந்துகொண்டிருக்கும் இடம் எப்படிப் பாதுகாப்பாகும் என்று கேட்டேன். அவ்வளவு பனிக்குள், சீல்களைத் தின்னும் ஓர்க்கா திமிங்கிலம் எளிதில் நுழைவதில்லை என்றாள் வழிகாட்டி. சீலின் கணக்கில் இடிபாடு மேல்.

வழியெல்லாம் மழை. கரையெல்லாம் டோங்காஸ் என்ற மழைக்காடு, 1.67 கோடி ஏக்கர். அமெரிக்காவின் தேசியக் காடுகளிலேயே பெரியது. மழைக்காடு என்றால் வெப்பமான காடு என்று நினைத்திருந்த சக பயணி ஒருவர் மெல்லிய மேல்சட்டை ஒன்றை நம்பி வந்திருந்தார். அவருக்காக வருத்தப்பட எனக்கு நேரமில்லை. அட்மிரால்டி தீவின் கரையில், வற்றிய சேற்றுப் புல்வெளியில் ஒரு பழுப்புக் கரடி புல் மேய்ந்துகொண்டிருந்தது. கரடி என்றால் மீன் என்று பழகிய கண்ணுக்கு அது மாடு மாதிரித் தெரிந்தது. சால்மன் ஆற்றில் ஏறும்வரை அதற்குப் புல்தான். அந்தத் தீவில் மட்டும் 1,500க்கும் மேற்பட்ட பழுப்புக் கரடிகள் இருக்கின்றன.

சாட்டம் என்ற ஜலசந்தியில் இரவு உணவு ஆறிப்போனது. திமிங்கிலங்கள் காரணம். சூப் பரிமாறிக்கொண்டிருந்தபோது கேப்டன் ஒலிபெருக்கியில், வலப்பக்கம் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கூட்டாக வேட்டையாடுகின்றன, கப்பலை நிறுத்துகிறேன் என்றார். சட்டப்படி 100 கெஜத்துக்கு உள்ளே போகக்கூடாது. இன்ஜினைத் தாழ்த்தி, மிதக்கவிட்டு, நீருக்கடியில் ஒலிவாங்கி ஒன்றை இறக்கினார்கள். ஒரு திமிங்கிலம் ஹெர்ரிங் மீன் கூட்டத்துக்குக் கீழே போய் வட்டமாகக் குமிழி விடும். மீன்கள் அந்தக் குமிழிச் சுவரைத் தாண்டத் துணியாமல் நடுவில் நெருக்கும். இன்னொன்று கத்தும். அந்தக் கத்தல் ஒலிபெருக்கியில் வந்தது: ஒரே சுருதியில் நீண்டு, திடீரென்று மேலேறி, அறுந்தது. அறுந்தவுடன் தளத்தில் நின்ற எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். நீர்மேல் ஒரு வட்டம் தெரிந்தது. அடுத்த நொடி அந்த வட்டம் முழுவதும் வாய். ஏழெட்டு வாய்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தாடையோரம் மீன்கள் துள்ள.

இது ஒரே குடும்பத்தின் வேட்டை அல்ல என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. உறவில்லாதவை வேலைக்காகக் கூடுகின்றன. இவற்றில் பல குளிர்காலத்தை ஹவாயில் கழிக்கும். அங்கே உணவு ஏறக்குறைய கிடையாது. போக, இருக்க, குட்டி போட, பால் கொடுக்க, திரும்பிவர எல்லாச் செலவும் இங்கே சேர்த்த கொழுப்பில். இப்படி ஒரு சேமிப்புக் கணக்கை நான் தணிக்கை செய்ததில்லை.

மூன்று முறை எழுந்தன. நான்காவதற்காக வெகு நேரம் நின்றோம். வரவில்லை. கேப்டன் அவசரப்படுத்தவில்லை. பலகையில் மறுநாள் காலைக்கு எழுதியிருந்த கயாக் பயணம் அதோடு போயிற்று. ஒருவர் புகார் செய்தார். பணம் கட்டியவர், உரிமை உண்டு. ஆனால் அவர் நின்ற தளத்தில் திமிங்கிலத்தின் மூச்சு காற்றோடு வந்து அழுகிய மீன் வாடையாக எங்கள் எல்லோர் முகத்திலும் படிந்திருந்தது. அதைவிட அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

கிளேசியர் வளைகுடாவுக்கு வருகிறேன். இதற்காகத்தான் அக்கா என்னை இழுத்து வந்தாள். அவள் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள். 1794இல் பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன் வான்கூவரின் மாலுமிகள் இந்தப் பக்கம் அளந்து போனபோது இங்கே வளைகுடாவே இல்லை. கரையில் ஐந்து மைல் பள்ளம், அதற்கப்பால் பனிச்சுவர். 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர், இந்தக் கரையின் பூர்வகுடிகளான டிலிங்கிட் துடுப்புக்காரர்களின் ஓடத்தில் ஏறி வந்தபோது பனி முப்பது மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இப்போது உள்ளே 65 மைல் கப்பலில் போகலாம். அதற்கு முன், அந்தப் பனி முன்னேறி வந்த 1700களில், அங்கே ஊர் கட்டி வாழ்ந்த ஹூனா டிலிங்கிட் மக்கள் வீடுகளை விட்டு ஓட வேண்டியிருந்தது. பனி போன பிறகும் அவர்கள் எளிதில் திரும்ப முடியவில்லை. 1925இல் அது தேசியச் சின்னமாக, அதாவது அரசு காக்கும் நிலமாக, அறிவிக்கப்பட்டு, அரசு விதிகள் வந்துவிட்டன. பார்ட்லெட் கோவ் என்ற சிறு குடாவின் கரையில் ஹூனா மக்களின் குலவீடு ஒன்று 2016இல் திறக்கப்பட்டது. தேவதாரு மணக்கும் பெரிய கூடம், செதுக்கிய முகப்பு. அதன் வாசலில் நின்றால் கடல் தெரிகிறது, அந்தக் கடலின் அடியில் எங்கோ பழைய ஊர்.

அதே இடத்தில் ஒரு கூன்முதுகுத் திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடும் நிற்கிறது. 45 அடிக்கு மேல். ஆராய்ச்சியாளர்கள் ஸ்னோ என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் அடையாளம் கண்டுவந்த பெண் திமிங்கிலம். 2001இல் பெரிய பயணிகள் கப்பல் ஒன்று மோதிச் செத்தது. அந்தப் பெரிய கப்பல்கள் இங்கே ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் நுழைய அனுமதி இல்லை. எலும்புக்கூட்டைச் சுற்றி நடந்தபோது, நாங்கள் மட்டும் யோக்கியர்கள் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை. எங்கள் கப்பலும் டீசலில்தான் ஓடியது.

வளைகுடாவின் வாயிலிருந்து உள்ளே போவது காலத்தில் பின்னோக்கிப் போவது என்று அக்கா சொல்லியிருந்தாள். நான் அதைப் பாடப்புத்தகப் பேச்சு என்று தள்ளியிருந்தேன். ஆனால் தளத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கண்முன்னே நடக்கிறது. வாயிலில் பனி விலகி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரங்கள் அடர்ந்த காடு. பாசி தரையிலிருந்து மரத்தில் ஏறிக் கிளையெல்லாம் தொங்குகிறது. இன்னும் உள்ளே போனால் ஸ்ப்ரூஸ் குட்டையாகி, ஆல்டர் புதர் மேலோங்குகிறது. அப்புறம் வில்லோ. அப்புறம் தரையோடு படர்ந்த டிரையஸ். அதற்கும் அப்பால் கல், சரளை, ஒன்றும் முளைக்காத சாம்பல் நிறச் சரிவு. நாள் முழுவதும் காடு எங்கள் முன்னால் இளைத்துக்கொண்டே போனது.

“மண்ணே இல்லாத இடத்தில் முதலில் வருகிறவை நைட்ரஜனைத் தாங்களே பிடித்துக்கொள்கிறவை,” என்றாள் அக்கா. “டிரையஸ், ஆல்டர் இரண்டும் அப்படி. அவை மண்ணைச் செய்து வைக்கும். ஸ்ப்ரூஸ் வந்து உட்கார்ந்து, நிழலில் ஆல்டரைக் கொன்றுவிடும்.”

“நன்றி கெட்ட மரம்.”

“மரத்திடம் நன்றியைத் தேடாதே.”

வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் 1916இல் இங்கே சிறு சிறு சதுரங்களாக நிலத்தைக் குறித்து, அதில் என்ன முளைக்கிறது என்று எழுதிவைத்தார். அந்தச் சதுரங்களை இன்றும் வந்து அளக்கிறார்கள். வளைகுடாவைப் பாதுகாக்க வேண்டும் என்று 1925க்கு முன் வாதாடியவர்களில் அவரும் ஒருவர். அக்கா அவருடைய பெயரைச் சொல்லும்போது குரல் மாறியது. வகுப்பில் அவரைப் பற்றி எத்தனை முறை பேசியிருப்பாளோ.

நிலமும் சும்மா இருக்கவில்லை. அத்தனை பனியின் பாரம் இறங்கிவிட்டதால் தரை மேலெழுகிறது, ஆண்டுக்கு ஓர் அங்குலத்துக்கும் மேலாக. பழைய கரையோரங்கள் புல்வெளியாகிவிட்டன.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் இன்ஜினைத் தாழ்த்தி நின்றோம். சுமார் ஒரு மைல் அகலச் சுவர். பக்கத்திலேயே கிராண்ட் பசிபிக் பனியாறு கல்லும் மண்ணும் மூடி, பனி என்றே தெரியாமல் கிடந்தது. இந்த வளைகுடாவையே தோண்டியது அதுதான் என்று சொன்னால் நம்ப மனம் வராது. எல்லோரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மார்ஜரி இடிந்து விழக் காத்திருந்தார்கள். உள்ளே எங்கோ வெடிச் சத்தங்கள் கேட்டன. ஒரு தூண் சாய்வதுபோலச் சாய்ந்து, சாயாமல் நின்றது. வாளி அளவு பனித்தூள் கொட்டியது. அவ்வளவே. மதியம் வரை நின்றோம், பெரிதாக எதுவும் விழவில்லை. பெரிய கப்பல் ஒன்று வந்து, முழு வட்டம் திரும்பி எல்லாப் பக்கத்துப் பயணிகளுக்கும் காட்டிவிட்டுப் போய்விட்டது. அக்காவோ தொலைநோக்கியைப் பனியாற்றின் பக்கம் திருப்பவே இல்லை. எதிர்ச் சரிவின் சரளையில் எது முளைத்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

சிச்சகோஃப் தீவின் ஒரு கரையில் ஓதம் மிகக் கீழே வற்றிய காலையில் எங்களை இறக்கினார்கள். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. பாறை முழுவதும் பாப்கார்ன் மாதிரிக் காற்றடைத்த பழுப்புக் கடற்பாசி. மிதித்தால் பட்பட்டென்று உடைகிறது. அதை விலக்கினால் கீழே ஊதா நிற நட்சத்திர மீன்கள். ஒன்று தன் வயிற்றைச் சிப்பியின் இடுக்கில் நுழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இருபது கைகளுக்கு மேல் கொண்ட சூரியகாந்தி நட்சத்திர மீனைத் தேடினோம்; கிடைக்கவில்லை. 2013இல் தொடங்கிய நோய் ஒன்று வட அமெரிக்க மேற்குக் கரை நெடுக அவற்றைக் கோடிக்கணக்கில் கரைத்துவிட்டது. விப்ரியோ வகைப் பாக்டீரியா ஒன்றுதான் காரணம் என்று 2025இல் கண்டுபிடித்தார்கள். நீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் வழிகாட்டி விசிலடித்தாள். பூட்ஸ் தடத்தில் நீர் ஊறி நிறைந்தது; ஐந்து நிமிடத்தில் நான் நின்ற பாறையைக் காணவில்லை.

சிட்காவுக்குப் போகும் வழி பெரில் ஜலசந்தி. அதில் செர்ஜியஸ் நெரோஸ் என்ற இடுக்கில் நீரோட்டம் பல கப்பல்களின் வேகத்தையே தோற்கடிக்கும். மிதவைகள் பாய்ச்சலில் சாய்ந்து நீருக்குள் மூழ்கி நிற்கும் என்றார் கேப்டன். முந்திப் போய்விட்டோம், ஆகவே முன்னால் இருந்த அமைதியான வளைவில் நங்கூரம் போட்டோம். 1799இல் இதே ஜலசந்தியில், ரஷ்யர்கள் வேட்டைக்குக் கூட்டிவந்த அலூட் மக்கள் நூறு பேருக்கு மேல் சிப்பி தின்று செத்தார்கள். சிப்பிக்குள் பாசி நஞ்சு. அவர்கள் வேட்டையாட வந்தது கடல்நீர்நாயை. அந்தத் தோலுக்காகத்தான் ரஷ்யா இந்தக் கரைக்கே வந்தது. தோல் தீர்ந்தது, கடல்நீர்நாயும் இந்தப் பகுதியிலிருந்து அடியோடு போயிற்று. 1867 அக்டோபர் 18 அன்று சிட்காவில் ரஷ்யக் கொடியை இறக்கி, 72 லட்சம் டாலருக்கு விற்ற நிலத்தை அமெரிக்காவிடம் ஒப்படைத்தார்கள். விற்க அது அவர்களுடையதா என்று டிலிங்கிட் மக்கள் அன்றே கேட்டார்கள். 1960களில் சுமார் 400 கடல்நீர்நாய்களை வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று ஆயிரக்கணக்கில் பெருகி, நண்டு பிடிப்பவர்களின் திட்டை வாங்கிக்கொண்டு மல்லாந்து மிதக்கின்றன. நாங்கள் நங்கூரம் போட்ட வளைவில் ஒன்று வயிற்றின்மேல் கல்லை வைத்துச் சிப்பியை மோதி உடைத்துக்கொண்டிருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மே மாதத்தில் மழை குறைவு, மலையில் பனி அதிகம்; செப்டம்பரில் மழைக்கு அளவே இல்லை. திமிங்கிலம் வேண்டுமென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது. குடை எடுத்துப் போகாதீர்கள், காற்று வைக்காது. தொலைநோக்கி ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒன்றைப் பங்கிட்டுக்கொள்ளும் சகோதரிகள் கரையேறும்போது பேசிக்கொள்ளமாட்டார்கள். மருத்துவமனை பல மணி நேரத் தூரத்தில் இருக்கும், படகில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். அதில் சந்தேகம் உள்ளவர்கள் பெரிய கப்பலில் போவதே மேல், அதில் கேவலம் ஒன்றுமில்லை. அறை எடுக்கும்போது முன்பக்கத்துக் கீழ்த்தளத்தைத் தவிர்த்துவிடுங்கள். நங்கூரச் சங்கிலி அங்கேதான் ஓடுகிறது, எங்கள் கேப்டனோ அதை விடியற்காலை நான்கு மணிக்கு எடுப்பவர். நீர் அப்போதுதான் திரும்புகிறதாம்.